ஸ்டெப்னி நீங்கலாக: சொகுசு வண்டிக்கு டயர் தேர்தல், ஒரு பன்முக நோக்கு

பாயிரம்

என் மைத்துனர் ஃபார்ச்சூனர் வைத்திருக்கிறார். நான்கு சக்கரங்களுக்கும் இழுவை போகும் வகை. டயர்கள் மொட்டையாகிவிட்டன, என்ன டயர் போடலாம் என்று சென்ற மாதம் என்னைத் தொலைபேசியில் கேட்டார். கேட்கும்போதே வேறு யாருக்கோ காப்பி சொல்லிக்கொண்டிருந்தார் என்பது உண்மைதான். ஆயினும் வினா என்று ஒன்று எழுந்தபின் அதை ஆராயாமல் விடுவது அறிவுலகுக்கு அழகன்று. எந்தச் சொல்லுக்குப் பின்னும் 'ஓர் ஆய்வு' என்று சேர்த்தால் பட்டம் கிடைத்துவிடுகிற நாட்டில் டயர் என்ன பாவம் செய்தது?

ஆய்வின் எல்லை

அண்ணா நகர் மேற்கு முதல் சோழிங்கநல்லூர் வரை. ஞாயிறுகளில் மாமல்லபுரம்.

முன்னோர் ஆய்வு

1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்து காப்புரிமையும் பெற்றார். 1845இலேயே தாம்சன் என்பவர் அதே பொருளுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது பின்னர் தெரியவந்து, டன்லப்பின் உரிமை செல்லாமற்போயிற்று. முந்தைய கட்டுரைகளைப் படிக்காமலே 'இத்துறையில் இதுவே முதல் முயற்சி' என்று எழுதும் நம் ஆய்வு மரபுக்கு இவரையே மூலவராகக் கொள்ளலாம்.

தமிழகத்து வரலாறு 1946இல் திருவொற்றியூரில் தொடங்குகிறது. எம்ஆர்எஃப் அங்கே முதலில் செய்தது டயர் அன்று, பொம்மை பலூன். ஊசியைப் பாடிய பட்டினத்தார் அடங்கிய ஊரில் பலூன் தொழில் தொடங்க ஒருவர் துணிந்தார் என்பதை நம் வரலாற்றாசிரியர்கள் இன்னும் உரிய முறையில் கவனிக்கவில்லை.

கல்வெட்டியல்

டயரின் பக்கவாட்டில் புடைப்பெழுத்தாய் உள்ள பாடம் வருமாறு: 265/60 ஆர் 18 110 எச். சிதைவு இல்லை. நடைபாதை விளிம்பில் உரசியதால் '60' மட்டும் சற்று மங்கியுள்ளது.

இதில் 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. அதாவது 159 மில்லிமீட்டர். 18 என்பது உள்ளே உட்காரும் டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். ஆக ஒரே வரியில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் என மூன்றும் பயில்கின்றன. தமிழ்நாட்டில் எவ்வித எதிர்ப்பும் இன்றி நடைமுறையில் இருக்கும் மும்மொழிக் கொள்கை இது ஒன்றே.

110 என்பது எடைக் குறியீடு. ஒரு டயர் 1060 கிலோ தாங்கும்; நான்கும் சேர்ந்தால் 4240 கிலோ. மைத்துனர் குடும்பம் காஞ்சிபுரம் போய்த் திருமணப் பட்டு எடுத்துத் திரும்பிய நாளிலும் இந்த எல்லை மீறப்படவில்லை (மைத்துனர், நேர்காணல், முதல் காப்பிக்கு முன்). மீறப்பட்டது என்றும் ஒரு கருத்து உண்டு (அவரே, இரண்டாம் காப்பிக்குப் பின்).

கடைசி எழுத்தே கலகத்துக்குரியது. இது வேக எழுத்து. எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், டி என்றால் 190, யு என்றால் 200. அடுத்து வி வரவேண்டிய இடத்தில் எங்கிருந்தோ எச் வந்து 210 என்கிறது. அதன் பிறகே வி, 240. நெடுங்கணக்கு தெரிந்த எவரும் எச் ஓர் இடைச்செருகல் என்று சட்டென்று சொல்லிவிடுவர். நானும் சொன்னேன், அதை வைத்து எட்டுப் பக்கமும் எழுதினேன். பிறகுதான் எஸ், எச், வி மூன்றே மூலபாடம் என்றும், டியும் யுவும் பிற்காலத்தில் நுழைந்தவை என்றும் தெரிந்தது. எட்டுப் பக்கத்தையும் கிழிக்க மனம் வராமல், 'இடைச்செருகல் எனத் தோன்றுவதே மூலம்' என்று தலைப்பை மட்டும் மாற்றிவிட்டேன். பதிப்புத் துறையில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 210 கிலோமீட்டர் வேகத்தை மைத்துனர் மத்திய கைலாஷ் சிக்னலில் எப்போது எட்டுவார் என்பது தனி ஆய்வுக்குரியது.

காலக்கணிப்பு: 'டாட்' என்று தொடங்கும் தொடரின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். பழைய டயரில் 2319. முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. ஆக 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம், ஜூன் முற்பகுதி. இதைத் திருவள்ளுவர் ஆண்டாகக் கொண்டு 31ஐக் கழித்த மைத்துனர், தம் டயர் கி.பி. 2288இல்தான் உற்பத்தியாகும் என்றும் அதுவரை தேய வாய்ப்பில்லை என்றும் வாதிட்டார். கால ஆராய்ச்சியில் இதைவிடக் குறைந்த சான்றோடு நூல்களை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளியவர்கள் இருக்கிறார்கள் என்பதால் மறுக்கவில்லை. ஆனால் பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு சிறு மேடு வைத்திருப்பார்கள்; டயரின் முகம் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மைத்துனரின் டயரில் அந்த மேட்டையே காணோம்.

முடி

புது டயரில் ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அச்சிலிருந்து காற்று வெளியேற விட்ட துளைகளில் ரப்பரும் புகுந்து வந்ததன் எச்சம். வேறு பொருள் இல்லை. ஆனால் கடைக்காரர்கள் அதைத் தடவிக் காட்டுவதும், வாங்குபவர் தலையை ஆட்டுவதும் காணத்தக்கது.

திணையியல்

டயர்கள் மூவகை: எச்டி, ஏடி, எம்டி. முதலாவது தார்ச் சாலைக்கு. இரண்டாவது பாதி தார், பாதி மண். மூன்றாவது சேற்றுக்கு, கட்டை கட்டையாகப் பல் வைத்தது, சாலையில் ஓடினால் மாவு மில் போல் ஓசையிடுவது. தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்திருக்க, நிறுவனங்கள் மூன்றோடு நிறுத்தியது குறையே. அதை ஈண்டு நிறைவு செய்கிறேன்.

மேம்பாலமும் மேம்பாலம் சார்ந்த இடமும் குறிஞ்சி. மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தின் இரு ஓரமும் கார்கள் வரிசையாக ஏறி நிற்பதைக் காணலாம். இருத்தல் இதன் உரிப்பொருளாகாதே எனில், அது பாலத்தில் ஏறாமல் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் காரை விட்டவரைக் கேட்டால் தெரியும். தேங்கிய நீரும் நீர் சார்ந்த இடமும் நெய்தல். இரங்கல் அங்கே மிகுதி. கிளப்பும் கிளப் சார்ந்த இடமும் முல்லை. மனைவியர் இல்லிருந்து காத்திருப்பர். சுங்கச்சாவடியும் சுங்கச்சாவடி சார்ந்த இடமும் பாலை, பிரிவது பணம். மருதத்துக்கு உரியது ஊடல். 'இருக்கிற டயர் நல்லாத்தானே இருக்கு' என்று அது தொடங்கும் (மைத்துனர் மனைவி, சமையலறையிலிருந்து, யாரையும் குறிப்பாக நோக்காமல் கூறியது, குக்கரின் மூன்றாம் விசிலால் இடையே ஒரு தொடர் சிதைந்துள்ளது, எஞ்சிய பாடம் 'தண்டச் செலவு' என்றும் 'தண்டச் சோறு' என்றும் இருவகையாகக் கேட்கிறது, பின்னதே சரியென்றும், அது அங்கு உணவருந்திக்கொண்டிருந்த ஆய்வாளரைச் சுட்டியது என்றும் கொள்வார் கருத்து ஏற்புடைத்தன்று).

மைத்துனருக்கு எம்டி டயர் மீது ஆசை. அவர் வாழ்நாளில் மிதித்த சேறு மாநகராட்சி தோண்டியது மட்டுமே. டயருக்கு அவர் மீது எந்த நாட்டமும் இல்லாமையின் இது கைக்கிளை. கொண்டுவந்து மாட்டியும்விட்டால் பெருந்திணை.

இங்கே ஒரு துணை விவாதம். இரண்டு டயரை மட்டும் மாற்றினால் ஆகாதா? இந்த டயரின் விட்டம் சுமார் 775 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 411 முறை சுழலும். தேய்ந்து ஆரம் 5 மில்லிமீட்டர் குறைந்த டயரோ 416 முறை சுழலவேண்டும். வண்டி பின்சக்கர இழுவையில் மட்டும் போகும்போது இந்த ஐந்து சுற்று யாருக்கும் தெரியாது. குமிழைத் திருப்பி 4எச் போட்டால் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அப்போது முன்னே புதிது, பின்னே பழையது என்றிருந்தால், கூட்டுக்குடும்பத்தில் இரண்டு சமையல் நடப்பது போல, பல்சக்கரங்களுக்குள் முறுக்கு ஏறும். ஆகவே நான்கும் மாற்றவேண்டும் என்பது துணிபு. மைத்துனரின் வண்டியில் அந்தக் குமிழ் வாங்கிய நாளிலிருந்து திரும்பியதில்லை என்பது துணிபைப் பாதிக்காது. (4எச்சில் உள்ள எச் வேறு, எச்டியில் உள்ள எச் வேறு, 110 எச்சில் உள்ள எச் வேறு. மயங்கற்க.)

விலை

மைத்துனர் கேட்டார். கேட்டபின் உட்கார்ந்தார்.

நைட்ரஜன்

சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன் இருக்கிறது. கட்டணம் மீதிக்கு.

சொல்லாய்வு

ஐந்தாவதான மாற்றுச் சக்கரத்தைத் தமிழர் அனைவரும் ஸ்டெப்னி என்கின்றனர். இச்சொல்லின் பிறப்பு இதுவரை முறையாக ஆராயப்படவில்லை. பழுதானதைச் சரிசெய்வதைச் செப்பனிடுதல் என்கிறோம். செப்பனிடப் பயன்படுவது செப்பனி. சகரம் மேலைநாட்டார் நாவில் 'ஸ்ட' எனத் திரிந்து, னகரத்தின் அகரம் தேய்ந்து, செப்பனி > ஸ்டெப்பனி > ஸ்டெப்னி ஆயிற்று என்பது வெள்ளிடைமலை. ஒலிவிதி எதுவும் இதற்குத் துணை நிற்கவில்லையே எனின், ஒலிவிதிகள் தமிழைப் பார்த்துப் பொறாமை கொண்டோர் வகுத்தவை.

ஒரு மறுப்பை நேர்மையாகக் குறிப்பிடவேண்டும். அந்நாளில் கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமல்தான் விற்கப்பட்டன. வழியில் காற்றுப் போனால், போனதுதான். 1904 வாக்கில் வேல்சு நாட்டில் டேவிஸ் சகோதரர்கள், ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரைப் பொருத்தி, பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கவ்விக்கொள்ளும்படி செய்து விற்றனர். அவர்கள் பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஆகி, சக்கரம் கப்பலேறி, பிறந்த ஊரில் பேச்சிலிருந்து மறைந்தபின்னும் இங்கே பஞ்சர் கடை தோறும் உயிரோடு இருக்கிறது.

இதனால் நம் முடிவு அசைந்துவிடாது. சான்று எதிராக வந்தால் அந்தச் சான்றையும் வேர்ச்சொல்லுக்கு உட்படுத்தவேண்டும். நம் அறிஞர் சிலரிடம் நான் கற்ற முறை இது. அந்தத் தெரு இருந்த ஊரின் பெயர் லானெல்லி. முன்னிலுள்ள 'லா' பொருளற்ற அசை. எஞ்சுவது நெல்லி. அதியமான் ஔவைக்குக் கொடுத்தது ஒரு கனிதான், அம்மரத்தின் மற்றக் கனிகள் எங்கே போயின என்று எவரும் இதுவரை கேட்டதில்லை (பஞ்சர் கடைக்காரரான சேட்டனின் கடை வாசலில் தொங்கும் டயர், முன்புறம், வெள்ளைச் சாயத்தில்: 'பஞ்சர்', அதே டயர், பின்புறம்: 'பஞ்ஜர்', இவ்விரு பாடங்களுள் நெல்லி குறித்து ஏதும் இல்லை, இல்லாமையாலேயே அது மறைக்கப்பட்டமை தெளிவாகிறது, முகவாட்டில் சேட்டனின் கைப்பேசி எண் உள்ளது, அதில் ஒரு இலக்கத்தை மழை அழித்திருக்கிறது).

களஆய்வு

மேற்கண்ட அனைத்தையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு மைத்துனருடன் சேட்டன் கடைக்குப் போனேன். ஐந்திணைப் பகுதியை வாசிக்கத் தொடங்கியபோது அவர் ஒரு ஆட்டோவுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அடித்து முடித்து, ஃபார்ச்சூனரின் முன்டயரைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு மைத்துனரைக் கேட்டார்:

"சாரே, வண்டி எங்க ஓடுது?"

"ஆபீஸ், பிள்ளைங்க ஸ்கூல். முகூர்த்த நாள்னா கல்யாண மண்டபம்."

"அப்ப கம்பெனில என்ன வந்துச்சோ அதே சைஸ், எச்டி. நாலும் ஒரே தேதி பாத்து வாங்கு. அலைன்மென்ட் பண்ணு."

ஆய்வேட்டின் நாற்பது பக்கங்களில் இம்முடிவு எங்கும் இல்லை. மைத்துனர் என்னைப் பார்த்து, "மாமா, இதுதானே நீங்களும் சொல்ல வந்தது?" என்றார். ஆம் என்றேன். நெறியாளர்கள் செய்வதும் இதுவே.

எலுமிச்சை

புது டயர்கள் ஏறின. பழைய வண்டிக்குப் புது டயர் போட்டால் பழம் வைத்து நசுக்கவேண்டுமா என்பதில் இரு சாரார். வண்டி புதிதானால் மட்டுமே பழம் என்பது ஒன்று. நிலத்தைத் தொடுவது புதிதானால் பழம் என்பது மற்றொன்று. மைத்துனர் மனைவி இரண்டாம் மரபினர் என்பதால் விவாதம் அங்கேயே முடிந்தது.

பழம் வாங்கப் போனது நான். பூக்காரம்மா ஐந்தாகத்தான் கொடுப்பேன் என்றார். நான்கை நான்கு டயருக்கும் அடியில் வைத்தேன். ஐந்தாவது ஸ்டெப்னிக்கு உரியது என்பது என் கருத்து. இந்த வண்டியில் அது பின்பக்கம் அடிவயிற்றில் தொங்குகிறது. 2019இலிருந்து நிலத்தைத் தொட்டதே இல்லை, நித்திய பிரம்மச்சாரி. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். சேட்டன் அதையும் மாற்றச் சொன்னார், மைத்துனர் கேட்காததுபோல் இருந்துகொண்டார். நிலத்தைத் தொடாத சக்கரத்துக்கு அடியில் வைக்கும் பழம் எவ்வாறு நசுங்கும்? நசுங்காத பழம் பரிகாரமாகுமா? கண்ணேறு கழியும் கணம் எது, நசுங்கும் கணமா, வைத்த கணமா? இவற்றைக் குனிந்து வண்டிக்கடியில் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. சேட்டன் பழத்தை என் கையிலிருந்து வாங்கி, இரண்டாக நறுக்கி, உப்பும் சோடாவும் விட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டேன். சான்றுப்பொருள் இப்போது இல்லை.