கூழைக்கடாவைப் படகேறிப் படம்பிடித்தல் பற்றிய ஆராய்ச்சி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரி தளும்பியதும் ஊருக்கு இரண்டு வகை வரவுகள் உண்டு. கூழைக்கடா, சங்குவளை நாரை, பாம்புத்தாரா, நாமக்கோழி முதலான பறவைகள் முதல் வகை. அவற்றைப் படமெடுக்கக் கழுத்தில் கேமராவுடன் கிளம்பும் ஆர்வலர்கள் இரண்டாம் வகை. முதல் வகையைப் பற்றி அறிஞர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். இரண்டாம் வகையிலும் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது: கரையில் நின்று எடுப்பதில் மனம் நிறையாமல், கையில் கிடைத்ததைக் கொண்டு சொந்தமாக ஒரு படகைக் கட்டி அதிலேறி ஏரிக்குள் போகிறவர்கள். இவர்களைப் பற்றி ஆய்வுலகம் இதுவரை வாய் திறக்கவில்லை. அந்தக் குறையைப் போக்க இக்கட்டுரை முற்படுகிறது. சரணாலயத்துக்குள் படமெடுக்க 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதால், சாதாரண ஊர் ஏரியே நம் ஆய்வின் எல்லை. படம் ஆடியது, பறவை பறந்தது, படகு கவிழ்ந்தது ஆகியவற்றை ஆர்வலர் தனித்தனித் துரதிர்ஷ்டங்களாகக் கருதி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்வார். மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வருபவை என்பது நம் துணிபு. படத்துக்கு வேண்டியது அசையாத இடம். படகு என்பதோ அசைவதற்கென்றே செய்யப்பட்ட பொருள். ஆகவே ஒரு படகு எந்த அளவுக்குப் படகாக இருப்பதைக் கைவிடுகிறதோ, அந்த அளவுக்கே அதிலிருந்து பறவைப் படம் கிடைக்கும்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். படகு கட்டுகிறவர் பைத்தியக்காரர் அல்லர். ஏரிக்கரை உயரமானது. அங்கிருந்து எடுத்தால் பறவையின் முதுகும் அதைச் சூழ்ந்த சேற்று நிறத் தண்ணீரும்தான் விழும். லென்ஸ் நீர்மட்டத்துக்கு இறங்கி, பறவையின் கண்ணும் கேமராவின் கண்ணும் ஒரே உயரத்தில் நின்றால்தான் பின்னணி மங்கி, பறவை மட்டும் துலங்கும். இது தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட உண்மை. ஆகவே இறங்கத் தோன்றுவது இயல்பு. எதில் இறங்குவது என்பதில்தான் சிக்கல். லாரி டியூபின் மேல் பலகை, தெர்மாகோல் அட்டைகளைச் சாக்கில் திணித்துக் கட்டிய மிதவை, நீல நிற பிளாஸ்டிக் டிரம்கள் நான்கின் மேல் மூங்கில் தட்டி எனப் படகுகள் மூன்று பெருங்குடும்பங்களாகப் பிரிகின்றன. மூன்றும் மிதக்கும், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. இருநூறு லிட்டர் டிரம் ஒன்று முழுக்க அமிழ்ந்தால் இருநூறு கிலோ தண்ணீரை விலக்கும் என்பதால், நான்கு டிரம் சேர்ந்து ஒரு சிறு குடும்பத்தையே தாங்கும். ஆனால் அவ்வளவு தாங்கும் டிரம் அமிழாது. இரண்டு பேர் எடைக்கு அது பெரும்பகுதி தண்ணீருக்கு மேலேயே நிற்கும். அதன்மேல் தட்டி, தட்டிமேல் பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலிமேல் ஆர்வலர், அவர் கண்ணருகே கேமரா. தாழ்வதற்காகக் கட்டிய படகு, நீரோரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தவரைவிட அவரை உயரத்தில் ஏற்றி வைத்துவிடுகிறது. முதல் நோக்கம் தண்ணீரில் இறங்குமுன்பே முறிந்தது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

அடுத்து ஒளியியல். பறவைக்காரர்கள் விரும்பும் 600 மி.மீ. லென்ஸ், முழுச்சட்டக் கேமராவில் அகலவாட்டில் ஏறத்தாழ 3.4 பாகையும் உயரவாட்டில் 2.3 பாகையுமே காணும். நூறு மீட்டர் தொலைவில் அது பார்ப்பது 6 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு சிறு சன்னல். படகு ஒரு பக்கம் 5 பாகை சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம்; டிரம் படகில் ஒருவர் தும்மினால் போதும், அவ்வளவு சாயும். உடனே லென்ஸ் பறவைக்கு எட்டு ஒன்பது மீட்டர் மேலே வானத்தைப் பார்க்கும். மறுபக்கம் சாய்ந்தால், நீருக்கு ஒரு மீட்டர் உயரத்திலுள்ள கேமரா, பதினோரு மீட்டருக்கு அப்பால் மிதக்கும் ஆகாயத்தாமரையை நோக்கும். ஆக, வீட்டில் திரையிட்டுப் பார்க்கும்போது கிடைப்பது இந்த வரிசை: வானம், ஒரு நொடிக் கூழைக்கடா, ஆகாயத்தாமரை, அரை நொடிக் கூழைக்கடா, மறுபடி வானம். இதைத் தீர்க்க ஆர்வலர் முக்காலி வாங்குவார். முக்காலியின் பெருமை, தான் நிற்கும் தரையோடு கேமராவைப் பிணைத்துவிடுவது. தரையே ஆடும்போது அந்த ஆட்டத்தைச் சிந்தாமல் சிதறாமல் கேமராவிடம் சேர்ப்பதும் அதே முக்காலிதான். கையில் பிடித்திருந்தால் முழங்கையாவது கொஞ்சம் விழுங்கியிருக்கும்.

முக்காலியின் தீமை அதோடு முடிவதில்லை. அது எடையை மேலே ஏற்றுகிறது. இங்கேதான் கப்பற்கலையின் துணை தேவைப்படுகிறது. சாய்ந்த கலம் எப்போது நிமிரும், எப்போது நிமிராது என்பதற்கு பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே 1746-இல் வெளியிட்ட நூலில் இலக்கணம் வகுத்தார். கலத்தின் எடை மையம் ஒரு குறிப்பிட்ட புள்ளிக்குக் கீழே இருக்கும்வரை நீர் அதை நிமிர்த்தும். அதைத் தாண்டி ஏறினால் அதே நீர் அதைக் கவிழ்க்கும். இந்த இலக்கணம் பிறப்பதற்கு முன்பே அதற்கு உதாரணமும் கிடைத்திருந்தது. சுவீடன் மன்னரின் வாசா என்ற போர்க்கப்பல் 1628 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலிருந்து முதல் பயணம் புறப்பட்டு, ஏறத்தாழ 1,300 மீட்டர் ஓடியதும் காற்றுக்குச் சாய்ந்து மூழ்கியது. மேல்பாரம்தான் காரணம். புறப்படுமுன் முப்பது மாலுமிகளை மேல்தளத்தில் இங்கும் அங்கும் ஓடவிட்டுச் சோதித்தார்கள்; ஆட்டம் அச்சமூட்டியதால் ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள்; கப்பலை நிறுத்தவில்லை. நம் ஆர்வலரும் இதே மரபில் வந்தவர். கரையோரத்தில் முழங்கால் தண்ணீரில் படகை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். ‘கொஞ்சம் ஆடத்தான் செய்யுது, உட்கார்ந்தா சரியாயிடும்’ என்று துணைக்கு வந்தவர் சொல்வார். அரசாங்கக் கப்பலுக்கே வாய்க்காத நிதானத்தைத் தட்டியும் கயிறுமான படகுக்கு எதிர்பார்ப்பது முறையாகாது.

துணைக்கு வந்தவர் என்றோம். அவர் இந்தத் துறையில் தவிர்க்க முடியாத உறுப்பு. ஒருவரே துடுப்பும் போட்டுப் படமும் எடுக்க முடியாது என்பதால், மாப்பிள்ளை என்றோ மச்சான் என்றோ அழைக்கப்படும் ஒருவர் உடனிருப்பார். இரண்டு பேருக்கும் பறவையைப் பார்க்க ஆசை. பறவை ஒரு பக்கம்தான் இருக்கும். இருவரும் அந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதை பூகே முன்பே சொல்லிவிட்டார். தனியாகப் போனாலும் நியூட்டன் விடுவதில்லை. படகில் உட்கார்ந்தவர் வலப்பக்கம் பறந்த பறவையைத் தொடரச் சட்டென்று இடுப்பைத் திருப்பினால், அந்த உந்தலுக்கு ஈடாகப் படகு இடப்பக்கம் திரும்பும். முதுகெலும்பு மட்டும் முறுக்கிக்கொண்டு, லென்ஸ் ஏறக்குறைய பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். இலேசான, வட்டமான பரிசலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒலிப்பதிவையும் சேர்த்து ஆராய்ந்தால் நம் துணிபு மேலும் வலுப்பெறும். நல்ல வனவுயிர்ப் படங்களில் நாம் கேட்கும் சிறகோசையும் நீரோசையும் பெரும்பாலும் பின்னர் தனியாகச் சேர்க்கப்பட்டவை. வீட்டுப் படகின் பதிவிலோ தெர்மாகோல் உரசும் கிறீச்சொலி, காலி டிரம்மில் அலை மோதும் ‘தொம் தொம்’, இவற்றின் நடுவே ‘ஆடாதடா மாப்ளே’ என்ற குரல் ஆகியவையே இயற்கை ஒலிகளாகப் பதிவாகின்றன. காட்சியிலும் படகு, ஒலியிலும் படகு. பறவைப் படம் என்ற பெயரில் உருவாவது படகைப் பற்றிய ஆவணப்படம்.

பறவைகளின் தரப்பையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு பறவைக்கும், ஒரு பொருள் தன்னை நோக்கி எவ்வளவு நெருங்கினால் எழுந்துவிடுவது என்று ஒரு கணக்கு உண்டு. அது இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் மாறும். கூழைக்கடா தூரத்திலேயே எழுந்துவிடும். முக்குளிப்பான் எழாது, மூழ்கும். ஆர்வலர் அது மூழ்கிய இடத்தில் விரியும் நீர்வளையங்களை அருமையாகப் படமெடுப்பார். அதற்குள் அது அவர் முதுகுக்குப் பின்னால் தலை தூக்கியிருக்கும். பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்துவதால், பதிவில் அது ஒரு வளைந்த குச்சியா பறவையா என்ற விவாதத்துக்கு இடமளிக்கும். மீன்கொத்தி ஒன்றுதான் படகுக்கு நட்பானது. நீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் எந்தக் கழியையும் அது தனக்காக நட்டதாகவே கருதும். அப்படி வந்து அமர்வது படகின் மூங்கிலிலேயே என்பதால், சில மீட்டர் இடைவெளியில்லாமல் குவியம் பிடிக்காத பெரிய லென்ஸுக்கு அது ஒரு நீல மூட்டமாகவே தெரியும்.

இனி மறுப்புகள். மீன்பிடிக்கிறவர்கள் நாள்தோறும் டியூபிலும் தெர்மாகோலிலும் மிதந்தபடி நாரைகளுக்கு நடுவே வலை எடுக்கிறார்களே, பறவை அவர்களைக் கண்டு பறப்பதில்லையே என்பது முதல் மறுப்பு. உண்மைதான். ஆனால் அவர்கள் பறவையைப் பார்ப்பதில்லை, வலையைப் பார்க்கிறார்கள். பறவையை நோக்கி நேராக வருவதில்லை; வலை போகும் வழியே போகிறார்கள். தினமும் வருவதால் ஏரியின் ஒரு பகுதியாகிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து, கண்கொட்டாமல் உற்றுப் பார்த்தபடி நேர்க்கோட்டில் நெருங்கும் உருவத்தை எந்தப் பறவையும் நல்லெண்ணத் தூதுவராக எடுத்துக்கொள்ளாது. இப்போதைய கேமராக்களிலேயே ஆட்டத்தைச் சமன்செய்யும் வசதி உள்ளதே என்பது இரண்டாவது. அது கையின் சிறு நடுக்கத்துக்காக ஏற்பட்டது. தொட்டில்போல் நிதானமாக ஆடும் படகின் பெருஞ்சாய்வு அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. நம் காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே உருவாக்கி, ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்ட கருவியைக் கொண்டு அரிய காட்டுப்படங்கள் எடுக்கவில்லையா, வீட்டுத் தயாரிப்பு என்றால் இளப்பமா என்பது மூன்றாவது. இல்லை. ஆனால் அவர் வீட்டில் செய்தது கேமராவை. காலடியில் அவர் நம்பியது தரையை, அல்லது யானையின் முதுகை. நிற்கச் சொன்னால் நிற்கும் யானை எந்த டிரம் படகையும்விட மேலான மேடை என்பதை விளக்கத் தேவையில்லை.

இவற்றையெல்லாம்விட வலுவான மறுப்பு இங்கிலாந்திலிருந்து வருகிறது. எம்மா டர்னர் என்ற பறவைப் படக்காரர் நார்ஃபோக்கின் ஹிக்லிங் ஏரியில், தாமே வடிவமைத்த ‘வாட்டர் ரெயில்’ என்ற படகுவீட்டில் ஆண்டுதோறும் சில காலம் தங்கிப் படமெடுத்தார். நாணல் நாரை வகையைச் சேர்ந்த பிட்டர்ன், இங்கிலாந்தில் இனப்பெருக்கம் செய்வதை அடியோடு நிறுத்திவிட்டதாகக் கருதப்பட்ட காலம் அது. அதன் குஞ்சை 1911-இல் அவர் படமெடுத்தார். ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டியின் தங்கப் பதக்கமும் பெற்றார். சொந்த வடிவமைப்பில் படகு, அதைக் கொண்டு தங்கப் பதக்கம்: நம் துணிபு இத்தோடு மூழ்கிவிட்டதோ என்று ஐயுறலாம். மூழ்கவில்லை. அவருடையது பறவையைத் துரத்திய படகல்ல; ஏரியிலேயே குடியிருக்க உதவிய வீடு. பறவைகள் அவரோடு பழகுவதற்கும், நாணல் புதர்களை அவர் கற்றுக்கொள்வதற்கும் ஆண்டுகள் கிடைத்தன. படகு படகுத்தன்மையைக் கைவிட்ட பிறகே படம் வந்தது. நம்மை மறுக்க வந்த சான்று நமக்கே சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது.

எனவே படகு கட்டும் ஆசையைக் கைவிடுமாறு இக்கட்டுரை யாருக்கும் அறிவுரை கூறவில்லை. ஆர்வலர் அறிவுரை கேட்கும் இனமும் அல்லர். 1798-லேயே கிழக்கிந்தியக் கம்பெனிக் கலெக்டரிடம் பறவைகளுக்குப் பாதுகாப்பு உத்தரவு வாங்கிய வேடந்தாங்கலில் இன்றும் மக்கள் கரையில் நின்றுதான் பார்க்கிறார்கள். ஏரி நிறைந்த ஆண்டுகளில் பறவைகளும் அங்கே வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆகவே நம் பரிந்துரை இது. டிரம், தட்டி, தெர்மாகோல் எதையும் குறைக்காமல் படகை முழுமையாகக் கட்டுக. கயிறுகளை இறுக்குக. உறவினரை அழைத்துக் காட்டுக. பின்னர் அதை ஏரியின் உள்கரையில், நீர் தொடும் இடத்திலேயே தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு நாள் பறவைகள் அதைப் பார்த்துப் பழகவிட்டு, விடியுமுன் போய் அதன் பின்னால் குப்புறப் படுத்து, டிரம்களுக்கு இடையே லென்ஸை நீட்டுக. நீர்மட்டக் கோணம் கிடைக்கும். மறைவு கிடைக்கும். மேடை அசையாது. மாப்பிள்ளையும் சாய முடியாது. எப்படியும் கவிழப்போகிற படகைக் கரையிலேயே கவிழ்த்துவிடுவதால், கேமராவை அரிசி மூட்டைக்குள் புதைத்துக் காயவைக்கும் செலவும் மிச்சம்.