அரண்மனை வழக்கும் சேலையூர் தீர்ப்பும்

2020 நவம்பர் கடைசி வாரம். நிவர் புயல் கரை கடந்து, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவெல்லாம் தண்ணீர். படகில் போய் ஆட்களை மீட்டுக்கொண்டிருந்தார்கள். அதே வாரம் லண்டனில் வேறொரு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் அரச குடும்பத்தைப் பற்றிய நெட்ஃப்ளிக்ஸின் ‘தி கிரௌன்’ தொடரில் இளவரசி டயானாவும் பிரதமர் மார்கரெட் தாட்சரும் வரும் நான்காம் பருவம் அப்போதுதான் வெளியாகியிருந்தது. இது கற்பனை என்று தொடக்கத்திலேயே அறிவிப்புப் போட வேண்டும், இல்லாவிட்டால் இளைய தலைமுறை இதையே வரலாறு என்று நம்பிவிடும் என்றார் பிரிட்டனின் கலாச்சார அமைச்சர் ஆலிவர் டௌடன். பார்க்கிறவர்களுக்கு நாடகம் எது என்று தெரியும் என்று நெட்ஃப்ளிக்ஸ் மறுத்துவிட்டது.

நெட்ஃப்ளிக்ஸ் சொன்னது எங்கள் பக்கத்துக்குப் பொருந்தும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் கூத்துப் பார்த்து வளர்ந்த சனங்கள் நாங்கள். துரியோதனன் வேடம் கட்டியிருப்பவன் பக்கத்து ஊர்க்காரன் என்று தெரியும். படுகளத்தன்று விளக்குமாற்றால் அவனுக்கு அடி விழும் என்பதும் தெரியும். கதை என்று தெரிந்தே அதில் நியாயம் கேட்பது எங்களுக்குப் பழக்கம். அதனால் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் கதையைத் தாம்பரத்தில் யார் யார் எப்படிப் பார்த்தார்கள், என்ன தீர்ப்புச் சொன்னார்கள் என்பது எனக்கு முக்கியமான விஷயமாகவே இருந்துவருகிறது. விமர்சகர்கள் எழுதியதைவிட அவர்கள் சொன்னதில் உயிர் இருந்தது.

முதல் தீர்ப்பு தொடர் வருவதற்கு முன்பே சொல்லப்பட்டது. 1997 செப்டம்பர் 6, சனிக்கிழமை, டயானாவின் இறுதிச் சடங்கு. நாங்கள் அப்போது கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் ஏரிப் பக்கம் குடியிருந்தோம். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் காலை பதினொரு மணி என்றால் நமக்கு மாலை மூன்றரை. மூன்று மணிக்கே எங்கள் கூடத்தில், டிவி முன்னால், உட்கார இடமில்லை. முந்தைய நாள் இரவுதான் கல்கத்தாவில் அன்னை தெரசா இறந்திருந்தார். தெருப் பெண்கள் இரண்டு சாவுக்கும் சேர்த்துத் துக்கம் கேட்க வந்தவர்களாக, பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆங்கிலம் தெரிந்தவர்கள் அப்பாவும் நானும்தான். சவப்பெட்டிக்குப் பின்னால் டயானாவின் பதினைந்து வயதுப் பையனும் பன்னிரண்டு வயதுப் பையனும் தலைகுனிந்து நடந்து வந்தபோது யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. “கொள்ளி வைக்கிற வயசா இது” என்றாள் ஆயா. பிறகு டயானாவின் தம்பி எழுந்து பேசினார். நான் வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். உன் பிள்ளைகளை உன் ரத்த உறவுகளாகிய நாங்கள் கைவிட மாட்டோம் என்று அவர் சொன்ன இடத்தில் கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது. “தாய்மாமன் பேசறான்” என்றார் பெரியம்மா.

அந்தப் பேச்சை உலகம் அரண்மனைக்கு விழுந்த அடி என்று எடுத்துக்கொண்டது. வெளியே திரண்டிருந்த கூட்டத்தின் கைதட்டல் தேவாலயத்துக்குள்ளும் பரவியது பெரிய செய்தியானது. எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் அதில் கலகம் எதையும் காணவில்லை. காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைக்கிற ஊர் இது. அக்கா போய்விட்டாள், அவள் பிள்ளைகளுக்கு நான் இருக்கிறேன் என்று தம்பி சபையில் சொல்கிறான். அது அவன் கடமை. சொல்லாமல் போயிருந்தால்தான் குறை சொல்லியிருப்பார்கள்.

மாமியார் விஷயத்தில் தீர்ப்பு இரண்டாகப் பிரிந்தது. மருமகள் செத்து ஐந்து நாள் வரை ஸ்காட்லாந்து மாளிகையிலேயே இருந்துவிட்டு, அதற்குப் பிறகு லண்டன் வந்து தொலைக்காட்சியில் பேசினாரே எலிசபெத் ராணி, அது தகுமா என்று பெரியம்மா கோபப்பட்டார். ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. “தாயில்லாப் புள்ளைங்கள மடியில வெச்சிக்கினு கெழவி எங்க ஓடுவா? ஊருக்கு மொகம் காட்டறதா முக்கியம்?” என்றாள். ஒன்பது ஆண்டு கழித்து, 2006இல், ‘தி குயின்’ என்ற படம் வந்தது. ராணி அன்று பேரப்பிள்ளைகளைக் காப்பதையே முதலில் நினைத்தார் என்ற பக்கத்தையும் அந்தப் படம் காட்டியது. அதை எழுதிய பீட்டர் மார்கன்தான் பின்னாளில் ‘தி கிரௌன்’ தொடரையும் எழுதியவர். அதைப் பார்த்தபோது ஆயாவை நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமையில் என் மனசில் ஆழமாகத் தங்கியது இதெல்லாம் இல்லை. இந்தக் கல்யாணத்தில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம் என்று 1995இல் டயானா பிபிசி பேட்டியில் சொன்னதை நான் பேச்சுவாக்கில் சொன்னேன். எதிர்வீட்டு அக்கா அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவர் வீட்டுக்காரருக்கு வேறொரு குடும்பம் இருந்தது தெருவுக்கே தெரியும். அவர் மட்டும் அதுவரை வாய் திறந்ததில்லை. “உலகமே பாக்கற டிவியில உக்காந்து சொல்லிட்டா. எனக்கு எங்கம்மாகிட்டகூடச் சொல்ல முடியல” என்றார். பெரியம்மா நகர்ந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்று மாலை அவர் நிறையப் பேசினார். லண்டனில் ஒரு ராஜகுமாரிக்கு நடந்ததைப் பேசுகிற சாக்கில் சேலையூரில் ஒருத்தி தன் பாரத்தை இறக்கிவைத்தாள். அரச குடும்பக் கதைக்கு இதைவிட நல்ல பயன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆயா ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட காசில் உப்பு வாங்கியவள். யுத்த காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று 1942இல் மதராஸே காலியானபோது மூட்டை முடிச்சோடு ஊருக்கு நடந்தவள். ரேஷன் அரிசிக்கு நின்றவள். அந்த வெள்ளைக்கார ஆட்சியின் நிழலில் வாழ்ந்த அவளுக்கு ராணி மேல் ஒரு கோபமும் இல்லை. மாமியார், பாட்டி என்ற முறையிலேயே அவரைப் பார்த்தாள். அந்த ஆட்சி முடிந்து ஐம்பத்தாறு வருடம் கழித்துப் பிறந்த என் மகள்தான் கணக்குக் கேட்கிறாள்.

மகள் பார்த்த விதமே வேறு. ‘தி கிரௌன்’ 2016 நவம்பரில் தொடங்கி 2023 டிசம்பரில் முடிந்தது. ஆறு பருவங்கள். அவள் அதைப் பள்ளிக்கூடக் காலத்தில் ஆரம்பித்துக் கல்லூரிக்கு மின்சார ரயிலில் போகிற காலத்தில் முடித்தாள். காதில் ஹெட்போன், கையில் போன். பல்லாவரம் தாண்டுகையில் ஒரு மகாராணி, மாம்பலத்தில் இறங்குவதற்குள் ஒரு பிரதமர் ராஜினாமா. கூடம் நிறைய ஆட்கள் இல்லாததால் அவள் கருத்தை அவளிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. வீட்டிலிருந்தால் என்னோடும் அம்மாவோடும் பார்ப்பாள்.

அப்படி மூன்று பேரும் சேர்ந்து பார்த்தது, 2019இல் வந்த மூன்றாம் பருவத்தின் அபர்ஃபான் அத்தியாயம். 1966 அக்டோபர் 21 காலை, வேல்ஸ் நாட்டின் அந்தச் சுரங்கக் கிராமத்தில், மலைமேல் குவித்துவைத்திருந்த நிலக்கரிக் கழிவு மழையில் ஊறிச் சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. செத்தவர்கள் 144 பேர். அதில் 116 பேர் குழந்தைகள். ராணி எட்டு நாள் கழித்துத்தான் போனார். உடனே போகாததை வாழ்நாள் முழுக்க நினைத்து வருந்தினார் என்று அவருடன் இருந்தவர்கள் பின்னர் சொல்லியிருக்கிறார்கள். தொடரில், அவருக்கு அழுகை வரவில்லை என்றும் வராத கண்ணீரைத் துடைத்தார் என்றும் காட்டினார்கள். அது அநியாயமான கற்பனை என்று பலர் கண்டித்தார்கள்.

அம்மாவுக்கு அந்தச் சர்ச்சையே பொருட்டாக இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வரிசை வரிசையான சின்னச் சவப்பெட்டிகளைப் பார்த்ததும் “கும்பகோணம்” என்றார். 2004 ஜூலை 16, பள்ளிக்கூடத் தீயில் 94 பிள்ளைகள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நாங்கள் பேசவில்லை.

அப்போது நாங்கள் மேற்குத் தாம்பரத்துக்கு, முடிச்சூர் சாலைப் பக்கம் குடிவந்து வெகுநாளாகியிருந்தது. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. மாடியில் அரிசியோடும் மெழுகுவர்த்தியோடும் உட்கார்ந்து, யாராவது வருவார்களா என்று பார்த்தவர்கள் நாங்கள். முதலில் வந்தவர்கள் மீன்பிடிப் படகு கொண்டுவந்த பையன்கள். அந்த அனுபவத்தோடுதான் அம்மா அபர்ஃபானைப் பார்த்தார். “அழுதாளா அழலையான்னு யாரு கேட்டா? வந்தாளா? எப்ப வந்தா? அதான் கணக்கு” என்றார். நான் படித்த எந்த விமர்சனத்திலும் இவ்வளவு நேரான வார்த்தை இல்லை.

மகள் விடவில்லை. “இவங்களுக்கு எட்டு நாள்ல வந்தாங்க, ஒரு மணி நேர எபிசோடும் எடுத்துட்டாங்க. 1943ல வங்காளத்துல லட்சக்கணக்குல பட்டினியில செத்தாங்களே பாட்டி, அதுக்கு ராஜ குடும்பத்துல யாரு வந்தா?”

“அப்ப அவ சின்னப் பொண்ணுடி. உன் வயசுதான் இருக்கும்.”

“அவ அப்பாதானே அப்ப நமக்கும் ராஜா?”

அம்மா பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மகள் கேட்டது சரியான கேள்வி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அதற்காக அம்மாவின் கணக்குத் தப்பாகிவிடாது. இருவரும் கேட்டது ஒன்றைத்தான்: மேலே இருப்பவர் கஷ்டம் வந்தபோது எங்கே இருந்தார்?

தாம்பரம் ரயில்வே காலனியில் என் தோழியின் அம்மா, ஆங்கிலோ இந்தியர், பெர்த்தில் இருக்கும் தன் மகளின் நெட்ஃப்ளிக்ஸ் கணக்கில் தொடரைப் பார்த்தார். ஆன்ட்டி வீட்டுச் சுவரில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் ராணியின் 1953ஆம் ஆண்டு முடிசூட்டுப் படம் மாட்டியிருக்கும். நான்காம் பருவத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். உயிரோடிருக்கும் ஒரு அம்மாவை, அதுவும் பதில் பேசவே கூடாது என்று வளர்க்கப்பட்டவரை, இப்படி நடித்துக் காட்டுவது தர்மமில்லை என்றார். 2022இல் நடிகை ஜூடி டென்ச் லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்திலும் இதே ஆதங்கம் இருந்தது. அதற்கடுத்து ஐந்தாம் பருவ முன்னோட்டத்தின் குறிப்பில் மட்டும் இது கற்பனை நாடகம் என்ற வரி சேர்ந்தது. ஆன்ட்டியோடு நான் வாதாடவில்லை. 1947க்குப் பிறகு உறவெல்லாம் ஒவ்வொன்றாகக் கப்பல் ஏறிப் போக, இங்கேயே தங்கி, இங்கேயே ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். அந்த முடிசூட்டுப் படம் அவர் வீட்டில் வேறு எதையோ காத்து நிற்கிறது. அதை எடுக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

அந்த நான்காம் பருவத்தில், மருமகளாக வரப்போகிறவளைப் பால்மோரல் மாளிகைக்கு அழைத்து, வேட்டைக்குக் கூட்டிப்போய், தேறுவாளா என்று பார்க்கும் அத்தியாயம் எங்கள் வீட்டில் நன்றாகவே புரிந்தது. கடைசிப் பருவத்தில் செத்துப்போன டயானா வந்து சார்லஸோடும் ராணியோடும் பேசுவதைப் பிரிட்டிஷ் விமர்சகர்கள் கேலி செய்தார்கள். அம்மாவுக்கு அதில் கேலி எதுவும் தெரியவில்லை. அமாவாசைக்கு இலை போட்டுக் காத்திருக்கிற வீடு. இறந்தவள் வந்து இரண்டு வார்த்தை பேசாமல் எப்படிப் போவாள் என்றார்.

எனக்கு இருக்கும் குறை ஒன்றே. அறுபது மணி நேரத் தொடரில் எங்கள் பக்கம் இல்லை. 1961 நவம்பரில் ராணி கானாவுக்குப் போய் அதிபர் நுக்ருமாவோடு நடனமாடியது ஒரு அத்தியாயமாக இருக்கிறது. அதே வருடம் பிப்ரவரியில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, ராணி மதராஸுக்கு வந்தார். பள்ளிக்கூட வயதில் இருந்த அப்பா சாலையோரக் கூட்டத்தில் நின்று, காருக்குள் அசைந்த ஒரு வெள்ளைக் கையுறையைப் பார்த்ததாகக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதைக்கூட விட்டுவிடலாம். 1997 அக்டோபரை எப்படி விட்டார்கள்?

டயானா இறுதிச் சடங்கு முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. இந்தியச் சுதந்திரப் பொன்விழாவுக்கு ராணி வந்தார். அக்டோபர் 14 அன்று அமிர்தசரஸில், ஜாலியன்வாலாபாக்கில் மலர் வளையம் வைத்தார். 16ஆம் தேதி தாம்பரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், தரமணி எம்ஜிஆர் ஃபிலிம் சிட்டியில், முதலமைச்சர் கருணாநிதியும் இருக்க, கமல்ஹாசனின் ‘மருதநாயகம்’ படத் தொடக்க விழாவில் உட்கார்ந்திருந்தார். மருதநாயகம் என்கிற யூசுப்கான் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தளபதியாக இருந்து, கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து மதுரைக் கோட்டையில் நின்றவர். காட்டிக்கொடுக்கப்பட்டு 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். அந்தத் தேதி கழிந்து 233 வருடமும் ஒரு நாளும் ஆன அன்று, அவர் கதை படமாவதைத் தொடங்கிவைக்க வந்தவர் பிரிட்டனின் ராணி. குடும்பக் கதையாகப் பார்த்த ஆயாவுக்கும், கணக்குக் கேட்கும் என் மகளுக்கும் பொதுவான அத்தியாயம் அந்த ஒரு நாளில் முழுசாக இருக்கிறது. மருமகளைப் புதைத்த துக்கம் ஆறாத ஒரு மாமியார், தன் நாட்டுக் கம்பெனியை எதிர்த்துத் தூக்கிலேறிய ஒருவனின் கதைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பீட்டர் மார்கன் இதை எழுதவில்லை.

மகளிடம் இதைச் சொன்னேன். “அவங்க ஏம்மா எழுதணும்? நம்ம ஆளு எடுக்க ஆரம்பிச்ச படம்தானே அது, அது எங்க?” என்றாள். ‘மருதநாயகம்’ முடியவில்லை. எடுத்தவரை சில நிமிடக் காட்சிகள் வெளியே வந்தன. அவள் அதைத் தேடி எடுத்து அன்று இரவே பார்த்துவிட்டு, மதுரை முற்றுகையைப் பற்றி என்ன புத்தகம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றாள்.