90 நாளில் வி.ஏ.ஓ.

டி.என்.பி.எஸ்.சி. என்கிற தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 அறிவிப்பு வந்த அன்றிரவே டெலிகிராமில் திட்டங்கள் பிறந்துவிடுகின்றன. 90 நாள் பிளான், 60 நாள் பிளான், வேலைக்குப் போகிறவர்களுக்கு 45 நாள் பிளான், புத்தகத்தையே தொடாதவர்களுக்கு 30 நாள் மேஜிக் பிளான். நாள் குறையக் குறைய ஃபீஸ் ஏறும். வெறும் மூன்று மணி நேரத்தில் வி.ஏ.ஓ., அதாவது கிராம நிர்வாக அலுவலர், ஆகும் வழியும் ஒரு காலத்தில் இருந்தது. 2019 செப்டம்பரில் இராமேசுவரம், கீழக்கரை மையங்களுக்குப் போய், சற்று நேரத்தில் மறைந்துவிடும் மையால் விடையைக் குறித்துவிட்டு வந்தால் போதும். மீதியை வேறு கைகள் பார்த்துக்கொண்டன. 99 பேருக்கு வாழ்நாள் தடை போட்டு அந்த பேட்ச் மூடப்பட்டது. மற்றவர்களுக்கு 90 நாள்.

சரி, திட்டத்தைத் திறந்து பாருங்கள். முதல் நாள்: ஆறாம் வகுப்புத் தமிழ், இயல் 1. இரண்டாம் நாள்: இயல் 2. ஒன்றுக்குப் பின் இரண்டு வரும் என்ற இந்த மாபெரும் கண்டுபிடிப்புக்குத்தான் சில ஆயிரம் ரூபாய். அரசு தன் இணையதளத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் பாடநூலை இறக்கி, துண்டு துண்டாக வெட்டி, பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே அகாடமியின் பெயரையும் செல் நம்பரையும் வாட்டர்மார்க்காக அடித்து, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினால் அது பிரீமியம் மெட்டீரியல். அந்த செல் நம்பருக்கு அடியில் பாரதிதாசன் மூச்சுத் திணறிக் கிடக்கிறார். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று ஒன்று காசு வாங்காமல் வகுப்பு நடத்துகிறது. அதற்கு ஃபிளெக்ஸ் பேனர் கிடையாது. ஆகவே அது இல்லை.

பேனர் என்றதும் டாப்பர் ஞாபகம் வருகிறார். ஒரே டாப்பர் நாலு அகாடமி பேனரில் ஒரே சட்டையோடு சிரிப்பார். நாலு இடத்தில் படித்தாரா என்றால், ஒரு இடத்தில் மாதிரித் தேர்வு எழுதியிருப்பார், இன்னொன்றில் தண்ணீர் குடித்திருப்பார். 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே இறங்கிவந்து, தேர்வானவர் உங்களிடம் எந்தப் படிப்பைப் படித்தார் என்று விளம்பரத்தில் சொல்லுங்கள், அவர் சம்மதத்தை எழுதி வாங்குங்கள் என்று விதி போட வேண்டியிருந்தது. அடிப்படை நாணயத்தையே விதி போட்டு யாராவது கற்றுக்கொடுக்கவேண்டியிருக்கும் இவர்கள்தான் நம் பிள்ளைகளுக்கு இந்திய அரசியலமைப்பு நடத்துகிறார்கள்.

நிஜமாகவே பகிர்கிறவர்கள் வேறு இருக்கிறார்கள். யாரோ ஒரு பெண் ரூல்டு நோட்டில் மூன்று நிறப் பேனாவால் எழுதிய குறிப்பை, மொட்டைமாடி வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, ‘யாருக்காவது உதவும்’ என்று குரூப்பில் போடுகிறாள். தன்னோடு போட்டி போடப்போகிறவர்களுக்கே கொடுக்கிறாள் என்பதைக் கவனியுங்கள். மறுநாள் காலை அதே நோட்டு, ஓரத்தில் தெரிந்த அவளுடைய விரல் மட்டும் வெட்டப்பட்டு, ‘எங்கள் வல்லுநர் குழு தயாரித்தது’ என்று 299 ரூபாய்க்கு வருகிறது. வல்லுநர் குழுவுக்கு வெட்டத் தெரிகிறது. அவள் விட்ட எழுத்துப்பிழையைத் திருத்தத்தான் தெரியவில்லை.

எனக்கு அதிகம் எரிவது ‘இல்லத்தரசிகளுக்கான ஸ்பெஷல் பிளான்’. மற்றவர்களுக்கு விடிகாலை 4 மணிக்கு விழிப்பு, இவர்களுக்கு மூன்றரை. ஐந்தரை வரை பொதுத்தமிழ், பிறகு இட்லி. பாத்திரம் தேய்க்கையில் காதில் ஹெட்போன் மாட்டி நடப்பு நிகழ்வுகள். துணி காயப்போடும்போது ஒன் லைனர். இரவு பதினொன்றுக்கு எல்லோரும் படுத்தபின் மாதிரித் தேர்வு. வீட்டு ஆம்பளைக்கு இந்தத் திட்டத்தில் ஒரு வரி கிடையாது. ‘நாள் 1: கணவர் சாதம் வடிக்கக் கற்றுக்கொள்ளவும்’ என்று எழுத எந்த அகாடமிக்கும் கை வரவில்லை. எப்படி வரும், ஃபீஸ் கட்டுகிறவர் அவராயிற்றே!

இப்போது திட்டத்தில் இல்லாத ஒரு கணக்கு. 2022 குரூப் 4 தேர்வுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அறிவித்த இடங்கள் 7,301. பிறகு 10,117 ஆக்கினார்கள். அந்த 22 லட்சம் பேரும் மூன்றரைக்கே எழுந்து, ஒரு நாள்கூடப் பிசகாமல், ஒரு பி.டி.எஃப். விடாமல் படித்திருந்தாலும் ஏறக்குறைய 21 லட்சத்து 90 ஆயிரம் பேர் தோற்றே ஆகவேண்டும். எந்த டைம்டேபிளும் கூடுதலாக ஒரு நாற்காலியைச் செய்து தராது. ஆனால் தோற்றவர்களிடம் கேட்கப்படுவது ஒரே கேள்வி: ‘பிளானை ஒழுங்கா ஃபாலோ பண்ணினீங்களா?’ அதற்கு யாரால் ஆமாம் என்று சொல்லமுடியும்? காய்ச்சல் வந்த நாலு நாள் இருக்கும், தங்கை கல்யாணம் இருக்கும். அந்த நாலு நாளில்தான் வேலை போயிற்று என்று நம்பவைத்துவிட்டால், வேலையே இல்லை என்பதை யாரும் பேசமாட்டார்கள். அடுத்த பேட்ச் திங்கட்கிழமை.

திட்டத்தைக் கடைப்பிடிக்காத இன்னொருவரும் உண்டு. அவரை யாரும் இந்தக் கேள்வி கேட்பதில்லை. டி.என்.பி.எஸ்.சி. ஆண்டுதோறும் ஒரு ‘ஆனுவல் பிளானர்’ வெளியிடும். அதைப் பார்த்துத்தான் ஊரே தன் பிளானை எழுதுகிறது. 2022 ஜூலை 24 அன்று நடந்த அந்தக் குரூப் 4 தேர்வின் முடிவு 2023 மார்ச் 24 அன்று வந்தது. எட்டு மாதம், நாள் பிசகவில்லை. குரூப் 2 கதை இன்னும் நீளம்: முதல்நிலைத் தேர்வு 2022 மே மாதம், முதன்மைத் தேர்வு 2023 பிப்ரவரி, அதன் முடிவு 2024 ஜனவரி. முதன்மைத் தேர்வன்று பதிவெண் வரிசை குளறுபடியாகி, பல மையங்களில் வினாத்தாள் தாமதமாகத்தான் கைக்கு வந்தது. இதற்கிடையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு வந்து படிக்கிறவர்கள் டிபன் பாக்ஸையும் வயதையும் சுமந்து வந்துபோனார்கள்.

2019இல் திருடியது யார் என்பதும் நினைவிருக்கட்டும். விடைத்தாளை வழியில் கைமாற்ற உள்ளே ஆள் இல்லாமல் முடியாது. அதற்குப் பிறகு வந்த சீர்திருத்தம் என்ன? ஏ எத்தனை, பி எத்தனை, சி எத்தனை குறித்தாய் என்று தேர்வரே எண்ணி விடைத்தாளில் எழுதவேண்டும் என்றார்கள். பிசகினால் மதிப்பெண் பிடிப்போம் என்றார்கள்.

ஆகவே தேர்வாணையத்துக்கும் ஒரு ஸ்டடி பிளான் போட்டுத் தருகிறேன், இலவசமாக, வாட்டர்மார்க் இல்லாமல். முதல் வாரம் தினக்காலண்டரில் தேதி கிழித்துப் பழகுதல். இரண்டாம் வாரம் பதிவெண்ணையும் ஆளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தல். பிறகு காலியிடங்களை அறிவிப்புக்கு முன்பே எண்ணி முடித்தல். இது கடினமான பாடம், ரிவிஷன் தேவைப்படும். 90ஆம் நாள் மாதிரித் தேர்வு: சொன்ன தேதியில் ஒரே ஒரு முடிவை வெளியிடுக. பதற்றம் வேண்டாம். தவறினால் உங்களுக்கு மதிப்பெண் பிடிக்கமாட்டார்கள், இதுவரை பிடித்ததும் இல்லை.