பேராண்டி ராத்திரியைத் தீட்டப் போறாராம்

வாங்க சாமி, வாங்க. எழும்பூர் ஓவியக் கல்லூரியில படிச்சவரு பக்கிங்காம் கால்வாய் ஓரமா ஸ்டாண்டை நட்டு, கல்பாக்கம் டவுன்ஷிப் வெளக்கையெல்லாம் தண்ணியோட தீட்டப் போறாராம். புதுப்பட்டினத்துக்கே பெருமைதான்! அணுமின் நிலையத்துப் பக்கம் மட்டும் ஸ்டாண்டைத் தூக்கினு போயிடாதே. காவல்காரன் வந்து நிப்பான், அவனுக்குக் கலை தெரியாது.

இன்னாடா இது, கறுப்பு டியூப்பு பாதி காலி? ராத்திரின்னா கறுப்புன்னு எவன் சொன்னான் உனக்கு? கடலுக்குப் போறவனைக் கேளு. அல்ட்ராமரின்னு ஒரு நீலம் வெச்சிருக்கியே, அதோட அந்த பர்ன்ட் அம்பரைக் குழை. அப்புறம் பாரு, இருட்டு மூச்சு விடும்.

இந்த வெளிச்சக் கோட்டைப் பாத்துத்தான் எனக்குச் சிரிப்பு தாங்கல. ஒண்ணு கிழக்கால சாயுது, ஒண்ணு மேற்கால சாயுது. பாக்குறவனுக்கு எத்தினி தலைடா? தண்ணியில விழுற வெளிச்சம் பாக்குறவன் காலடிக்கு நேரா வரும். நீ பத்தடி தள்ளி நின்னா அதுவும் கூடவே வரும். படத்துல எல்லாம் நெட்டுக்குத்தா நிக்கணும். காத்தில்லாதப்ப புள்ளியா இருக்கிறது, சின்ன அலை எழும்பினா நீளமா இழுபடும். மேல எரியுற வெளக்கைவிட தண்ணிக்குள்ள இருக்கிறது ஒரு மாத்து கம்மிதான். நீ ரெண்டுலயும் வெள்ளையை அப்பி வெச்சிருக்கே.

அவசரமும் வேணாம். சாயத்துல இருக்கிற ஆளிவிதை எண்ணெய் தண்ணியாட்டம் ஆவியாப் போவாது, காத்தைக் குடிச்சுத்தான் இறுகும். அடியில எண்ணெய் கம்மி, மேல போவப் போவ அதிகம். மாத்திப் போட்டா பின்னாடி வெடிக்கும்.

போன வாரம் விஸ்லர் விஸ்லர்னு உயிரை வாங்கினியே, அந்த ஓவியன் இன்னா பண்ணான்? தேம்ஸ் ஆத்துல கிரீவ்ஸ்னு அண்ணன் தம்பிங்களைப் படகு வலிக்கச் சொல்லி, ராத்திரியை மனசுல ஏத்தினு வந்து வீட்டுல வரைஞ்சான். சாயம் அம்புட்டுத் தண்ணியா இருக்குமாம். வழியாம இருக்கத் துணியைப் படுக்கப் போட்டுடுவானாம். அந்தப் படகுக்காரனுங்களும் அப்புறம் ஓவியரு ஆயிட்டாங்களே, அதை மட்டும் ஏன் எங்கிட்ட நீ சொல்லல?

படத்தைக் கேவலமா எழுதிட்டாருன்னு ரஸ்கின்ங்கிற விமர்சகர் மேல வழக்குப் போட்டு, 1878-ல ஜெயிச்சும் ஜெயிச்சான். நஷ்டஈடு ஒரே ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. அடுத்த வருசமே திவால். அதனால நம்ம படகு வேணும்னா வாடகையை இப்பவே எடுத்து வெச்சிடு ராசா. படம் வித்ததும் தரேங்கிற கதையெல்லாம் உங்க ஆயாகிட்ட சொல்லு.