ஆளில்லாக் கல்லா: ஓர் இலக்கண விளக்கம்

பாயிரம்

நூலென்றால் பாயிரம் வேண்டும் என்பது முன்னோர் விதி. அவ்விதியை மீறாமல் தொடங்குவோம். இந்நூல் நுதலிய பொருள்: பெரிய கடைகளில் வாசலருகே அணிவகுத்து நின்று, வாங்கியவரையே பில் போடச் சொல்லும் செல்ஃப் செக்-அவுட் இயந்திரம். வழங்கும் எல்லை: வடக்கே அபர்டீன் முதல் தெற்கே பிரைட்டன் வரையுள்ள பிரித்தானியா, மேற்கோள் தேவைப்படும்போது மட்டும் அமெரிக்காவும் நெதர்லாந்தும் எல்லைக்குள் அனுமதிக்கப்படும். கேட்போர்: ஒரு கையில் பால், மறு கையில் ரொட்டி வைத்துக்கொண்டு எந்த வரிசையில் நிற்பது என்று விழிப்போர். காரணம்: முன்னால் நின்றவர் திரையில் வாழைப்பழத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது ஆய்வாளருக்கு வேறு வேலை இல்லாமை. பயன்: வரிசை நகரும்வரை பொழுது போதல்.

ஆள் உள்ள கல்லா சிறந்ததா, ஆளில்லாக் கல்லா சிறந்ததா என்ற பட்டிமன்றம் ஓய்ந்தபாடில்லை. ஓர் அணி வேகம் என்கிறது. மறு அணி வேலையிழப்பு என்கிறது. நடுவர் இருக்கையில் அமர்ந்த கடைக்காரர் திருட்டு என்கிறார். இவை மூன்றும் வெவ்வேறு பொருள்கள் அல்ல, ஒரே விதியின் மூன்று கிளைகள் என்று நிறுவுவதே இவ்வாய்வின் துணிபு.

1. வரலாறு

ஆதியில் மேசை இருந்தது. மேசைக்கு அப்பால் கடைச் சிப்பந்தி, இப்பால் வாங்குபவர். பட்டியலைச் சொன்னால் பொருள் வரும். 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்ற கடையைத் திறந்து இந்த ஒழுங்கைக் குலைத்தார். அங்கே வாங்குபவரே கூடையைத் தூக்கிக்கொண்டு அலமாரிகளிடையே நடந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சிப்பந்தியின் கால் செய்த வேலை வாங்குபவரின் காலுக்கு மாறியது. அதே கடையில் நுழைய ஒரு சுழல்கதவு. அலமாரிகளையெல்லாம் சுற்றிக்கொண்டு போகும் ஒற்றை வழி. வழி முடியுமிடத்தில் கல்லா. ‘உள்ளே போய் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று நம்பியவரே, நம்பப்பட்டவர்கள் வேறு வழியாக வெளியேறாதபடி தடுப்பும் கட்டினார் என்பதைக் குறித்துக்கொள்க.

பிரித்தானியாவில் செயின்ஸ்பரி நிறுவனம் தன் முதல் சுயசேவைக் கடையை 1950-இல் குராய்டனில் திறந்தது. கம்பிக்கூடையை ஆலன் செயின்ஸ்பரியே நீட்ட, வாங்க வந்த பெண்மணி ஒருவர் அதை அவர் மீதே வீசினார் என்று அந்நிறுவன வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. ‘கடைக்காரர் வேலையை நான் ஏன் செய்ய வேண்டும்?’ என்று இன்று இயந்திரத்தின் முன் முணுமுணுப்போர், தம் குறை புதியது என்று எண்ண வேண்டாம். அந்த மனு முன்பே, சற்று வேகமாகவே, தாக்கல் செய்யப்பட்டுவிட்டது.

1974 சூன் 26-ஆம் நாள் ஒகையோ மாநிலத்தின் டிராய் நகரில், மார்ஷ் என்ற கடையில், ஒரு சூயிங்கம் பொதியின் பார்கோடு முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. விலை 67 சென்ட். பொருள் தன் விலையைத் தானே சொல்லத் தொடங்கிய பிறகு, விலை தெரிந்த ஒருவர் கல்லாவில் இருக்க வேண்டிய கட்டாயம் போயிற்று. எண்ணி 12 ஆண்டுகளில், 1986-இல், டேவிட் ஹம்பிள் உருவாக்கிய இயந்திரம் அட்லாண்டா அருகே குரோகர் கடையில் நின்றது. வாங்குபவரே ஸ்கேன் செய்தார். பணத்தை மட்டும் ஓர் ஆளிடம் போய்க் கட்டினார். கடை தன் பொருளை நம்பி ஒப்படைத்தது, தன் காசை ஒப்படைக்கவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் விதியாவது: கடை ஒரு வேலையை வாங்குபவர் தலையில் வைக்கும்போதெல்லாம், அவ்வேலையோடு ஒரு காவலையும் கூட்டி அனுப்பும். இதனை உடன்காவல் விதி என்க.

2. இலக்கணம்

இயந்திரத்தின் உள்ளமைப்பு இரு உறுப்பினால் ஆனது. முதலுறுப்பு, பார்கோடைப் படிக்கும் கண்ணாடி. இரண்டாமுறுப்பு, பை வைக்கும் இடத்தின் அடியில் ஒளிந்திருக்கும் தராசு. ஒவ்வொரு பொருளுக்கும் இவ்வளவு எடை என்ற கணக்கு கணினியில் உண்டு. ஸ்கேன் செய்த பொருளின் எடை பையில் ஏறினால் அமைதி. ஏறாவிட்டாலும் பேச்சு, கூடுதலாக ஏறினாலும் பேச்சு. பையில் எதிர்பாராத பொருள் ஏதோ இருப்பதாக இயந்திரம் அறிவிக்கும் அந்த வாக்கியம் பிரித்தானியர் அனைவருக்கும் மனப்பாடம். அதைச் சொல்லும் குரல் எரிச்சலூட்டுவதாகப் புகார்கள் எழவே, 2015-இல் டெஸ்கோ நிறுவனம் குரலை மாற்றிப் பார்த்தது. புதிய குரல் கனிவானது. தராசு பழைய தராசே.

இதில் இலக்கண அறிஞர் கவனிக்க வேண்டியது திணைமயக்கம். அஃறிணை அதட்டுகிறது, உயர்திணை மன்னிப்புக் கேட்கிறது. தம் சொந்தத் துணிப்பையை மேடையில் வைத்துவிட்டு, அது பைதான் என்று தராசிடம் விளக்க முயலும் முதியவரைக் கண்டோர் இதற்கு வேறு சான்று கேட்கமாட்டார்.

3. நிறை

நிறைகள் நான்கு.

முதலாவது, வேகம். இங்கே நுண்மை தேவை. பழகிய கேஷியரின் கை வாங்குபவரின் கையைவிட வேகமானது. ஆகவே வேகம் இயந்திரத்தின் குணம் அன்று, வரிசையின் குணம். ஆள் கல்லா ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. எந்த வரிசையில் நின்றாலும் அதன் தலையில் ஒருவர் கூப்பனைத் தேடிக்கொண்டிருப்பார். ஆளில்லாக் கல்லாக்களோ பெரும்பாலும் எட்டு, பத்து இயந்திரங்களுக்கு ஒரே வரிசை. ஒன்று சிக்கினாலும் மற்றவை ஓடும். இதோடு, சும்மா நிற்கும் நேரம் மனத்தில் நீளும். வேலை செய்யும் நேரம் சுருங்கும். மூன்று நிமிடம் நின்றவர் கடையைத் திட்டுவார். நான்கு நிமிடம் தாமே ஸ்கேன் செய்தவர் சீக்கிரம் முடிந்தது என்பார்.

இரண்டாவது, மறைவு. மூலநோய்க் களிம்பையும், இரவு பத்து மணிக்குத் தனியாளாக வாங்கும் முழு கேக்கையும் எவர் கண்ணிலும் படாமல் வாங்கலாம். வந்த புதிதில் ஆங்கிலம் பேசத் தயங்குவோருக்கும் இது புகலிடம். ‘லாயல்ட்டி கார்டு உண்டா’ என்பதை ஐந்து விதமான உச்சரிப்பில் கேட்டுப் புரிந்துகொள்ளும் பரீட்சை இங்கே இல்லை. திரையில் பொத்தான் இருக்கிறது.

மூன்றாவது, கணக்கு. ஒவ்வொரு பொருளும் விலையோடு கண்முன் ஏறுகிறது. கையிலுள்ள காசுக்கு மேல் போகுமா என்று அஞ்சுவோர், கேஷியர் முன் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கூச்சமின்றித் தம் போக்கில் நிறுத்திக்கொள்ளலாம். நீக்க மட்டும் ஆள் வர வேண்டும்.

நான்காவது, கடைக்கு ஆகும் சிக்கனம். நீளமான பட்டை ஓடும் கல்லா ஒன்று அடைத்த இடத்தில் இரண்டு மூன்று இயந்திரங்களை நிறுத்தலாம். அவற்றுக்குத் தேநீர் இடைவேளை வேண்டாம்.

4. குறை

குறைகளை எண்ணுவதைவிட அவை எழும் இடங்களைச் சொல்வதே சிறப்பு. பார்கோடு இல்லாத காய்கனி முதல் இடம். படத்தைத் தேடி, வகையைத் தேர்ந்து, எடை வைக்க வேண்டும். வயது பார்த்து விற்க வேண்டிய பொருள் இரண்டாம் இடம். மதுவை 18 வயது நிரம்பாதவருக்கு விற்பது குற்றம். 25-க்குக் கீழ் எனத் தோன்றினாலே சான்று கேட்பது கடைகளின் வழக்கம். இயந்திரத்துக்குத் தோற்றம் புலப்படாது. ஆகவே தலை முழுக்க நரைத்தவர் ஒரு வைன் போத்தலோடு நின்றாலும் சிவப்பு விளக்கு எரியும். இருபது வயதுப் பணியாள் ஓடிவந்து, தம் தாத்தா வயதினரை ஏற இறங்கப் பார்த்து, ‘வயது வந்தவர்தான்’ என்று சான்றளிப்பார். தலைவலி மாத்திரை மூன்றாம் இடம். 16 மாத்திரை கொண்ட பாரசிட்டமால் பெட்டி இரண்டுக்கு மேல் பல கடைகள் தருவதில்லை. மூன்றாவதை ஸ்கேன் செய்தால் இயந்திரம் மறுத்து நிற்கும், தலைவலி தொடரும்.

பார்வையற்றோருக்குத் தொடுதிரை வெறும் சுவர். அட்டை மட்டுமே ஏற்கும் இயந்திரங்கள் முன் ரொக்கம் வைத்திருப்பவர் ஏழையினும் ஏழை. பேசுவதற்கென்றே கடைக்கு வரும் தனிமுதியோர் இன்னொரு வகை. இவர்களை எண்ணி நெதர்லாந்தின் யும்போ நிறுவனம் 2019-இல் ஃப்ளைமன் என்ற ஊரில் ஓர் அரட்டைக் கல்லாவைத் திறந்தது. அங்கே அவசரம் தடை செய்யப்பட்டது. கேஷியர் நின்று பேசுவார். 2021-இல் அதை 200 கடைகளுக்கு விரிப்பதாக அறிவித்தது. உலகமே வரிசையைக் குறைக்க முயல, வேண்டுமென்றே மெதுவாக நகரும் வரிசையை விற்பனைக்கு வைத்த அக்கடை ஆய்வுலகின் கவனத்துக்குரியது.

5. தடையும் விடையும்

‘காவல் திருடருக்குத்தானே? நேர்மையாளர் ஏன் வருந்த வேண்டும்?’ எனின், விடை: எமலின் டெய்லர் என்ற குற்றவியலாளர் ஆராய்ந்தது, தம்மைத் திருடராக ஒருபோதும் எண்ணாத மனிதர் இந்த இயந்திரத்தின் முன் மட்டும் செய்யும் திருட்டை. அவகாடோவைத் தராசில் வைத்துக் கேரட் என்று பொத்தானை அழுத்துதல் இவ்வகைக்கு மூல உதாரணம். சில கடைகள் எவ்வளவு கேரட் கொள்முதல் செய்தனவோ அதற்கும் மேல் விற்றதாகக் கணக்கு வந்ததும் உண்டு. வெள்ளாமையில் இல்லாத விளைச்சலைக் கல்லாவில் கண்டவர் உழவருள் எவருமில்லை. அப்படிப் பொத்தானை அழுத்தியவர்கள் கேஷியரிடம் அவகாடோவைக் கேரட் என்று சொல்லியிருப்பார்களா? மாட்டார்கள். ஆளிடம் சொல்லக் கூசும் பொய் பொத்தானிடம் கூசுவதில்லை. ஆகவே இயந்திரத்தின் முன் நேர்மையாளரும் காவலுக்குள் அடங்குவர்.

‘அப்படியானால் வேலையே இல்லாத கடை அமைத்தால் காவலும் போய்விடுமே?’ எனின், போகாது. 2018 சனவரியில் சியாட்டிலில் அமேசான் திறந்த கடையில் கல்லாவே இருக்கவில்லை. எடுத்துக்கொண்டு நடந்தால் பில் தானே வந்தது. வாங்குபவர் செய்த வேலை ஏறக்குறைய சுழியம். அண்ணாந்தால் கூரை நிறையக் கேமரா. உடன்காவல் விதியில் வேலையைக் கழித்தால் மிஞ்சுவது முழுக் காவல் என்பதற்கு இதனினும் சிறந்த சோதனை அமையாது. தன் பெரிய மளிகைக் கடைகளிலிருந்து அம்முறையை எடுப்பதாக 2024 ஏப்ரலில் அந்நிறுவனமே சொல்லிவிட்டது.

‘கேஷியரும் காவலர்தானே? அவரிடம் மட்டும் ஏன் உறுத்தவில்லை?’ எனின், இதுவே இந்நூலின் உயிர்நிலை. கேஷியர் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார்க்கிறார். கூடையில் உள்ளது எல்லாம் பில்லில் ஏறியதா என்று அவருக்குத் தெரியும். இதைவிடக் கடுமையான சோதனை எந்த எல்லைச் சாவடியிலும் இல்லை. ஆயினும் அவர் சோதிப்பதாக நாம் நினைப்பதில்லை. நமக்கு வேலை செய்வதாக நினைக்கிறோம், நன்றியும் சொல்கிறோம். லண்டனின் ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் கல்லாவில் நிற்பவர் நம் பையைத் துழாவியபடியே, ‘என்ன அக்கா, முருங்கைக்காய் எடுக்கேல்லையோ? இண்டைக்குத்தான் வந்தது’ என்பார். பையில் என்ன இல்லை என்பது வரை சோதிக்கப்பட்டுவிட்டது. அக்காவோ மகிழ்ந்து போய் முருங்கைக்காயும் எடுத்து வருவார்.

ஆக, கேஷியரிடம் வேலையும் காவலும் ஓருடலில் இருந்தன. வேலை முன்னால் நின்று காவலை மறைத்தது. இயந்திரம் வந்தபோது வேலை நம் கைக்குப் போயிற்று. மறைப்பு விலகவே காவல் தனித்து நின்றது: அடியில் தராசு, தலைக்கு மேல் நம் முகத்தையே நமக்குக் காட்டும் சிறு திரை, இடையிடையே மறுசோதனை, அண்மைக்காலமாகச் சில கடைகளில் ரசீதைக் காட்டினால்தான் திறக்கும் வெளிவாசல். பழைய கடையைவிட இன்றைய கடை நம்மை அதிகம் ஐயுறுவதாகத் தோன்றுவது மயக்கம். ஐயம் அன்றும் இருந்தது. அதற்கு அன்று கையில் ஒரு வேலை இருந்தது.

6. முடிபு

வட இங்கிலாந்தின் பூத்ஸ் நிறுவனம் 2023 நவம்பரில், தன் 28 கடைகளில் இரண்டைத் தவிர ஏனையவற்றில் இவ்வியந்திரங்களை எடுப்பதாக அறிவித்தது. அமெரிக்காவின் டார்கெட் 2024 மார்ச்சில் பெரும்பாலான கடைகளில் பத்துப் பொருளுக்கு மேல் உள்ளவரை இயந்திரத்துக்கு விடுவதில்லை என்று வரம்பிட்டது. முன்னது ஆள்நேயம் என்றும் பின்னது வேகம் என்றும் காரணம் சொல்லப்பட்டன. நம் விதிப்படி இரண்டும் ஒன்றே: நம்மிடம் தள்ளிய வேலையில் ஒரு பங்கைக் கடை திரும்ப வாங்கிக்கொள்கிறது, காவலும் அவ்வளவுக்குக் கேஷியரின் கைக்குள் மீண்டும் மறைகிறது.

ஆகவே விதிக்கப்படுவதாவது: பொருள் பத்துக்குள் இருந்து, அனைத்துக்கும் பார்கோடு இருந்து, வைனும் மாத்திரையும் இல்லாது, பேச்சில் விருப்பமும் இல்லாதார் ஆளில்லாக் கல்லாவுக்குச் செல்க. ஏனையோர் ஆளிடம் செல்க. எட்டு இயந்திரங்களுக்கு நடுவே சிவப்பு விளக்குகளை அணைத்தபடி ஓடும் அந்த ஒற்றைப் பணியாளைக் கண்டால் இரு சாராரும் நன்றி சொல்க. பில் போடும் வேலை அவரிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டதால், நம்மைச் சந்தேகிப்பது ஒன்றே அவருக்குச் சம்பளம் வரும் வழி; அதை அவர் சிரித்துக்கொண்டே செய்கிறார்.