டப்பா வெறுமையாகத் திரும்பாமை: ஒரு முதற்கட்ட ஆய்வு

பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்னும் விதி எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. ஆயினும் தமிழ்நாட்டில் மிகக் குறைவாக மீறப்படும் விதி இதுவே. போக்குவரத்துக் காவலர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைக்கவசம் இல்லாமல் வண்டியில் போகிறவர்கூட, எதிர் வீட்டுத் தூக்குவாளியைக் காலியாகக் கொண்டுபோய்க் கொடுக்கத் துணிவதில்லை. இவ்வளவு வலுவான நியதி ஆய்வாளர் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் உண்டு. அறிஞர்கள் திண்ணையில் உட்கார்ந்து பண்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் டப்பா கொல்லைப்புறமாகப் போய்விட்டது.

முன்னோர் நூல்களும் கைகொடுக்கவில்லை. திருக்குறளின் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல். உதவியை அளக்க அங்கே தினையும் பனையும் வருகின்றன; சம்புடம் வரவில்லை. வள்ளுவர் வீட்டில் அண்டை அயல் கொடுக்கல் வாங்கலை வாசுகி அம்மையாரே கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் ஊகம்.

களத்துக்கு வருவோம். பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டையோ, கார்த்திகைக்குப் பொரி உருண்டையோ, தீபாவளிக்கு முறுக்கு அதிரசமோ ஓர் எவர்சில்வர் டப்பாவில் வருகிறது. உள்ளிருப்பது அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். டப்பா மட்டும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்படும். இந்த இடைவெளியைக் ‘கவிழ்ப்புக் காலம்’ என்று பெயரிடுகிறோம். அன்றைக்கே திருப்பினால் ‘உங்கள் பாத்திரம் எங்கள் வீட்டில் இருப்பது பாரம்’ என்று ஆகும். இரண்டு மாதம் வைத்திருந்தால் வேறு மாதிரி ஆகும். இடைப்பட்ட நாள்களில் அது நம் பாத்திரங்களுக்கு நடுவிலேயே இருக்கும், ஆனால் அவற்றோடு கலக்காது. ‘அது எதிர் வீட்டு டப்பா, அதுல கைவைக்காதே’ என்று குழந்தைகள் எச்சரிக்கப்படுவார்கள். வீட்டில் சொல்லிக்கொள்ளும்படி ஏதாவது செய்கிற நாளில் கவிழ்ப்புக் காலம் முடிவுக்கு வரும்.

ஒன்றும் செய்யவில்லை என்றால்? இங்கேதான் இவ்வமைப்பின் நுட்பம் தெரிகிறது. கொல்லையில் முருங்கை இருந்தால் ஒரு பிடி கீரை, இரண்டு வாழைப்பழம், அதுவும் இல்லையா, ஒரு கை சர்க்கரை. சர்க்கரையே இப்பொருளாதாரத்தின் கடைசி நாணயம். அதைக் காட்டிலும் கீழே இறங்க இடமில்லை. அதிலும் ஒரு நெறி: ரேஷன் சர்க்கரையும் கடைச் சர்க்கரையும் ஒரே வீட்டில் இருந்தால் டப்பாவுக்குள் போவது கடைச் சர்க்கரை. ரேஷன் சர்க்கரை வீட்டுக் காப்பிக்கு.

விலக்கப்பட்டவற்றின் பட்டியலும் சிறிதல்ல. உப்பு ஆகாது, எள் ஆகாது, எண்ணெய் ஆகாது. பாகற்காய் எவ்வளவு நன்றாகக் காய்த்திருந்தாலும் நன்றியின் வாகனமாக ஏற்கப்படுவதில்லை. விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து எதையும் கொடுக்கத் தயங்குவார்கள் என்பதால் டப்பாவின் பயணம் பெரும்பாலும் பகலிலேயே நிகழ்கிறது. மாலை ஐந்தரை மணிக்கு அவசர அவசரமாகத் தெருவைக் கடக்கும் ஒரு பெண்மணியின் முந்தானைக்குள் என்ன இருக்கிறது என்பதை இனி வாசகர் எளிதில் ஊகிக்கலாம்.

உலக அறிஞர்கள் இதை நெருங்கி வந்ததுண்டு. பிரான்ஸ் நாட்டு மார்செல் மோஸ் 1925இல் கொடையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆய்வில் ஒரு கேள்வியைக் கேட்டார்: பெற்றவரைத் திருப்பிக் கொடுக்கச் செய்யும் எந்தச் சக்தி அந்தப் பொருளுக்குள் இருக்கிறது? நியூசிலாந்தின் மாவோரி மக்களிடம் அவருக்கு விடை கிடைத்தது. பொருளுக்குள் ‘ஹௌ’ என்றொரு ஆவி இருக்கிறதாம். அது தான் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப விரும்புமாம். இதை மறைபொருளான கொள்கை என்று பின்வந்தவர்கள் குறை சொன்னார்கள். மோஸ் ஒரே ஒரு முறை கும்பகோணம் பாத்திரக்கடைத் தெருவுக்கு வந்திருந்தால் இந்தச் சங்கடமே நேர்ந்திராது. அந்த ஆவி எங்கள் டப்பாக்களின் அடியில் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கிறது: இனிஷியல், பெயர், சில வேளை ஊர், கல்யாணத் தேதி. பாத்திரம் வாங்கும்போதே கடையில் ‘பேர் வெட்டணுமா?’ என்று கேட்பார்கள். அதாவது, இது ஒருநாள் இன்னொருவர் வீட்டுக்குப் போகும் என்பது விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும்.

இதிலிருந்து தொல்லியலுக்கும் ஒரு திருத்தம் கிடைக்கிறது. கீழடியிலும் கொடுமணலிலும் தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்துள்ளன; கீழடி ஓடொன்றில் ‘ஆதன்’ என்றே இருக்கிறது. சாதாரண மக்களும் எழுத்தறிவு பெற்றிருந்ததற்கு இது சான்று என்கிறார்கள். இருக்கலாம். ஆதன் வீட்டுப் பானை அடிக்கடி அக்கம்பக்கம் போய்வந்தது என்பதற்கும் இதுவே சான்று. இன்னும் ஒரு படி மேலே போகலாம். எகிப்தில், செங்கடல் கரையில் உள்ள குஸைர் அல்-கதீமில் தமிழ்ப் பெயர் எழுதிய ஓடுகள் கிடைத்திருக்கின்றன. இவற்றை வணிகர்கள் கொண்டுபோனார்கள் என்பது பொதுவான கருத்து. திருப்பித் தராத பாத்திரம் எவ்வளவு தூரம் போகும் என்பதை அறிந்த எந்த இல்லத்தரசியும் இதைக் கேட்டு வியப்படைய மாட்டார்.

இனி மையக் கருதுகோள். கொடுத்ததற்குச் சரிசமமாகத் திருப்பிக் கொடுப்பது இவ்வமைப்பில் மரியாதைக் குறைவு. பத்து அதிரசம் வந்த டப்பாவில் பத்து அதிரசம் எண்ணிப் போட்டு அனுப்பிப் பாருங்கள். அடுத்த தீபாவளிக்கு அந்த வீட்டிலிருந்து ஒன்றும் வராது. கணக்கு நேராகிவிட்டது, உறவுக்கு வேலை இல்லை. ஆகவே திரும்புவது வேறு வகையாக இருக்க வேண்டும், வேறு நாளில் போக வேண்டும், கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்க வேண்டும். கைமாற்றாக வாங்கிய சர்க்கரைக்கும் இதே விதிதான். ஒரு டம்ளர் தலைதட்டி வாங்கினால் கும்பாரமாகக் குவித்துத் திருப்ப வேண்டும். அந்தக் கூடுதல் குவியல் வட்டி அல்ல. ‘நமக்குள் இன்னும் பாக்கி இருக்கிறது’ என்பதன் அளவு அது.

பாக்கியைக் காப்பாற்றும் பொறுப்பு உரையாடலுக்கும் உண்டு. ‘எதுக்கு அக்கா இதெல்லாம்?’ என்பது கேள்வி. ‘சும்மாதான், வெறும் டப்பாவா குடுக்கக் கூடாதுன்னு’ என்பது பதில். கவனியுங்கள்: கொடுத்தவர் நன்றியால் கொடுத்ததாக ஒப்புக்கொள்ளவே இல்லை, பழியைச் சாஸ்திரத்தின் மேல் போட்டுவிட்டார். சாஸ்திரத்துக்காகக் கொடுத்தது கணக்கில் சேராது. எனவே பழைய கடன் அப்படியே நிற்கிறது.

இத்தனைக்கும் கணக்கு எழுதத் தெரியாத சமூகம் அல்ல இது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்துகளில் யார் எவ்வளவு வைத்தார் என்பது நோட்டில் ஏறும். போட்ட தொகை பிற்காலத்தில் மேலும் கொஞ்சம் சேர்ந்து திரும்பும். மறந்தவரை நோட்டு மறக்காது. அதே வீட்டில், அதே ஆண்டுகளில், எத்தனை டப்பா எந்தப் பக்கம் போனது என்பதற்கு ஒரு வரி எழுத்து கிடையாது. மொய் நோட்டு கூடத்தில் இருக்கிறது, டப்பாக் கணக்கு அம்மாவின் தலையில் இருக்கிறது. இரண்டில் எது துல்லியமானது என்று கேட்டால் இக்கட்டுரையாளர் இரண்டாவதன் பக்கம் நிற்பார்.

சமயங்கள் குறுக்கே வரும்போதும் விதி தளர்வதில்லை. ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சி வந்த தூக்கில் வாழைப்பழமோ பேரீச்சம்பழமோ திரும்பும். சைவ வீட்டுக்குப் பெருநாள் அன்று பிரியாணிக்குப் பதிலாகப் பழமும் இனிப்பும் போகும். டப்பா எந்த மாநாடும் கூட்டாமல் இதை நடத்திவருகிறது.

அமெரிக்க மானிடவியலாளர் மார்ஷல் சாலின்ஸ் 1972இல் வெளியான நூலில் பரிமாற்றத்தை மூன்றாகப் பிரித்தார்: கணக்குப் பாராதது, சமமானது, எதிர்மறையானது. மூன்றாம் வகையினர் எல்லாத் தெருவிலும் ஒருவராவது உண்டு. அவர்கள் வீட்டுக்குப் போன டப்பாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதே நல்லது. அதில் இப்போது அவர்கள் வீட்டுப் புளி இருக்கிறது.

ஆனால் இவ்வமைப்பை உண்மையில் அசைத்துப் பார்ப்பது அவர்கள் அல்லர், கறுப்பு அடியும் வெள்ளை மூடியுமாக ஓட்டலிலிருந்து வரும் பார்சல் டப்பா. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழக அரசு தடை விதித்தது; இந்த டப்பாவோ கழுவப்பட்டு அடுக்களை மேல்தட்டில் கோபுரமாக ஏறிக்கொண்டிருக்கிறது. இதில் பலகாரம் கொடுப்பவர் சொல்லும் வாசகம்: ‘டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம்.’ தாராளமாகத்தான் சொல்கிறார். மறுபயணம் ரத்து, சர்க்கரை ரத்து, மாலை ஐந்தரை மணிக்கு வாசலில் நின்று பேசும் இருபது நிமிடமும் ரத்து. பெயர் வெட்டாத டப்பாவுக்குள் ஆவி குடியேறாது என்று மோஸுக்கு யாராவது எழுதிப் போட்டிருக்கலாம்.

எஞ்சியிருப்பது மூடிச் சிக்கல். டப்பா சர்க்கரையோடு முறைப்படி திரும்பிவிட்டது, மூடி வரவில்லை. இது திரும்பியதாகக் கொள்ளப்படுமா? ஆய்வுக்கு எட்டிய வழக்குகளில் பெரியவர்களின் தீர்ப்பு ஒரே மாதிரி இருக்கிறது. கோயிலிலோ கல்யாணத்திலோ பார்க்கும்போதெல்லாம் ‘அந்த மூடியத் தேடிட்டேதான் இருக்கேன் அக்கா’ என்கிறார் ஒருவர். ‘கிடைக்கறப்ப குடு, என்ன அவசரம்’ என்கிறார் மற்றவர். மூடி எங்கே இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். அதைக்கொண்டுதான் முதலாமவர் வீட்டில் தினமும் பால் பாத்திரம் மூடப்படுகிறது. போன வாரம் போனபோது இரண்டாமவரே அதை எடுத்து மூடியும் வைத்தார்.