நட்டு கழலாத கேஸ்

பழைய கார் வைத்திருப்பவர்களில் இரண்டு ரகம். ஓட்டுகிறவர்கள் ஒரு ரகம். ஞாயிற்றுக்கிழமை தொப்பி போட்டுக்கொண்டு ஊர்வலம் போவார்கள், போகட்டும். கழற்றுகிறவர்கள் இன்னொரு ரகம். நம்மவர் இரண்டாவது.

ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. வாசலில் செங்கல் மேல் நிற்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் தயாரான வண்டி, 948 சிசி. அதன் பானெட் மொத்தமாக முன்பக்கம் சாய்ந்துகொள்ளும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். டயர் இல்லாததால் இவர் மோடா போட்டுக்கொள்கிறார்.

எந்த போல்ட்டைப் பார்த்தாலும் அதன் பூர்வ சரித்திரம் சொல்வார். "பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் போட்டிருக்கான், பாவி!" வண்டியோ அங்குலக் கணக்கில் கட்டியது. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். பதின்மூன்று மில்லிமீட்டர் ஸ்பேனர் அதில் உட்காருவதுபோலத்தான் உட்காரும். அழுத்தினால் அந்த 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு மூலையும் மழுங்கிவிடும். எந்த ஊரிலோ எப்போதோ அவசரப்பட்ட அந்த மெக்கானிக்கை இவர் முகம் தெரியாமலே சபித்துக்கொண்டிருக்கிறார். சொத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட்ட தம்பியைக்கூட மன்னித்தாயிற்று.

வைத்தியம் நிதானமாக நடக்கும். ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய் பாதி, அசிட்டோன் பாதி. இரண்டும் ஒட்டாது, ஒவ்வொரு தடவையும் குலுக்கவேண்டும். மரையில் இரண்டு சொட்டு, தலையில் சுத்தியலால் லேசாக நாலு தட்டு. பிறகு மறுநாள்தான். மறுநாளும் உடனே கழற்ற மாட்டார். முதலில் ஒரு இம்மி முடுக்குவார், அப்புறம்தான் எதிர்ப்பக்கம். இரும்பைவிட அதன் துரு கூடுதல் இடம் பிடிக்கும், மரைக்குள் ஆப்பாக இறுகிவிடும், அதை முதலில் உடைக்கவேண்டும் என்பது விளக்கம். மின்சார மீட்டர் பார்க்க வந்தவருக்கும் இது தெரியும்.

"ஏங்க, ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கலை" என்றார் மனைவி ஒருநாள்.

"ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு வை. நாளைக்குப் பார்க்கலாம்."

சைலன்சர் பக்கத்து ஸ்டட்டு மட்டும் மசியவில்லை. புதுப்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக் பாய் வந்தார். "சார், கேஸ் வெச்சா அஞ்சு நிமிஷம்." நட்டு சிவக்கச் சிவக்கச் சூடு காட்டினார். கொஞ்சம் ஆறியதும் மெழுகுவர்த்தியை மரையோரம் வைத்தார். உருகி உள்ளே ஓடியது. ஸ்பேனர் போட்டார், கழன்றது. பத்து மில்லிமீட்டர் துளை 300 டிகிரி சூட்டில் விரிவது 0.04 மில்லிமீட்டருக்கும் குறைவு. தலைமுடிப் பருமன்கூட இல்லை, ஆனால் போதும். நம்மவர் காசு கொடுத்தார், டீ கொடுத்தார். பாய் போனதும் என்னிடம் சொன்னார்: "அது கழட்டினதில்லை சார், மிரட்டினது."

மிரட்டாமல் இவரே முயன்ற அடுத்த ஸ்டட்டு ஒடிந்தது. துளை போட்டு, ஒடிந்ததைத் திருகி எடுக்கும் ஈசி அவுட் இறக்கினார். அதுவும் உள்ளேயே ஒடிந்தது. சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவு கடினம். அன்று அந்த வீட்டில் டிவி ஓடவில்லை.

போன வாரம் போனபோது முகம் அதைவிட மோசமாக இருந்தது. தண்ணீர் பம்ப்பில் ஒரு நட்டு. எண்ணெய் விடவில்லை, தட்டவில்லை. ஸ்பேனர் வைத்ததும் அசைந்து, விரலாலேயே கழன்று கையில் வந்துவிட்டதாம்.

"நல்லதுதானே?" என்றேன்.

"என்ன நல்லது? எனக்கு முன்னாடியே எவனோ கழட்டியிருக்கான்!"

அதை மறுபடி முடுக்கி வைத்துவிட்டு, பக்கத்து நட்டுக்குச் சொட்டு விடக் குப்பியைக் குலுக்க ஆரம்பித்தார்.